நாலு வருஷம், மூணு மேட்ச்

டிசம்பர் லீவுக்கு ஊட்டி வந்திருக்கேன். காந்தளில் எங்க வீட்டு முன்னாடி புல் மேல உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி கிடக்குது. டூரிஸ்ட்டுங்க அதைப் பார்க்கவே விடியறதுக்கு முன்னாடி தலைகுந்தாவுக்கு வண்டி எடுத்துட்டுப் போவாங்க. எங்க ஊர்க்காரங்களுக்கு அது தேயிலைக் கொழுந்து கருகிடுமோங்கிற கவலை. அந்தக் குளிர்ல நான் போர்வைக்குள்ள ஃபோனை வெச்சுக்கிட்டுப் பார்க்கிறது என்ன தெரியுமா? அமெரிக்க காலேஜ் ஐஸ் ஹாக்கி ஸ்கோர். அங்க வெள்ளிக்கிழமை ராத்திரி 7 மணி மேட்ச், நமக்கு சனிக்கிழமை காலை 5.30.

சிரிக்காதீங்க. ஐஸ் ஸ்கேட்டை நான் கையால தொட்டது கூட இல்லை. நம்ம காலேஜ் பொண்ணுங்க டீம்ல ரைட் பேக், அதாவது டர்ஃப்லயும் மண்ணுலயும் ஆடுற சாதாரண ஹாக்கி. ஃபர்ஸ்ட் இயர்ல ஜோனல் போனோம், முதல் ரவுண்டுலேயே தோத்தோம். செகண்ட் இயர்ல பேர் குடுத்தது ஒன்பது பேர், அதனால டீமே அனுப்பலை. தேர்ட் இயர்ல ஒரு மேட்ச். ஃபைனல் இயர்ல ஒரு மேட்ச். கூட்டிப் பாருங்க, நாலு வருஷத்துல மூணு. காலைல 6 மணிக்கு கிரவுண்டைச் சுத்தி ஓடினது எத்தனை நாள்னு எனக்கே கணக்கு தெரியாது.

இதுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. கான்ஃபரன்ஸ்னு சொன்னா நமக்கு பேப்பர் பிரசென்ட் பண்ற இடம்தான் ஞாபகம் வரும். அங்க விளையாட்டுல கான்ஃபரன்ஸ்னா சில காலேஜ்கள் சேர்ந்து வருஷா வருஷம் தங்களுக்குள்ள நடத்துற லீக். நான் பார்க்கிறது இ.சி.ஏ.சி. ஹாக்கி. ஹார்வர்ட், யேல், கார்னெல் எல்லாம் இதுல இருக்கு. மொத்தம் 12 காலேஜ், 12-லயும் ஆண்கள் டீம், பெண்கள் டீம் ரெண்டும் உண்டு. மத்த 11 டீமோட சொந்த ஊர்ல ஒண்ணு, அவங்க ஊர்ல ஒண்ணுன்னு ஒவ்வொரு டீமும் ஒரு சீசன்ல 22 லீக் மேட்ச் ஆடுது. பெண்களுக்கும் அதே 22. ஆண்கள் பிரிவுல கடைசியா 12-வது இடம் வந்த டீமுக்குக் கூட ப்ளே-ஆஃப் வாய்ப்பு இருக்கு.

நம்ம ஜோனல் நாக்-அவுட். சீட்டு குலுக்கிப் போடும்போது போன வருஷ சாம்பியன் எதிர்ல வந்தா, காலை 10 மணிக்கு நம்ம வருஷம் முடிஞ்சுது. மதியம் அவங்க குடுக்கிற லெமன் சாதத்தைச் சாப்பிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். பசங்களுக்காவது அங்கங்க நடக்கிற இன்விடேஷன் டோர்னமென்ட் இருக்கு. பொண்ணுங்களுக்கு அதுவும் அபூர்வம்.

அந்த லீக்ல நம்ம மாதிரி இன்ஜினியரிங் கும்பலும் இருக்கு. ட்ராய் ஊர்ல 1824-ல தொடங்கின ரென்சிலேர் பாலிடெக்னிக் காலேஜோட ஹாக்கி டீம் பேரே 'இன்ஜினியர்ஸ்'. ஆண்கள் டீம் 1954-லயும் 1985-லயும் நேஷனல் சாம்பியன். ஆனா எனக்குப் பிடிச்சது கிளார்க்ஸன். நம்ம குன்னூரை விடச் சின்ன ஊரான பாட்ஸ்டாம்ல இருக்கு. அவங்க ஆண்கள் டீம் 1962, 1966, 1970-னு மூணு தடவை நேஷனல் ஃபைனல் போய் மூணு தடவையும் தோத்தது. பெண்கள் டீம் வந்தது 2000-க்கு அப்புறம்தான். 2014, 2017, 2018-னு மூணு கப் அடிச்சாச்சு. பொண்ணுங்களுக்கு டீம் எதுக்குன்னு யாராவது கேட்டா நான் இந்தக் கதையைத்தான் சொல்றேன்.

அங்கயும் இது சும்மா கிடைக்கலை. கல்வி நிறுவனங்கள்ல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது 1972-ல. ஆண்களுக்கான என்.சி.ஏ.ஏ. ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் 1948-லயே தொடங்கிடுச்சு. பெண்களுக்கு 2001. சட்டம் வந்த பிறகும் 29 வருஷம் பாருங்க.

அவ்வளவு தூரம் எதுக்கு, லடாக்கைப் பாருங்க. இயற்கை ஐஸ் அங்க ரெண்டு மூணு மாசம்தான் நிக்கும். அந்தப் பக்கத்துப் பொண்ணுங்களை வெச்சுத்தான் 2016-ல இந்திய பெண்கள் ஐஸ் ஹாக்கி டீம் முதல் சர்வதேசப் போட்டிக்குப் போச்சு. அடுத்த வருஷம் பாங்காக்ல பிலிப்பைன்ஸை ஜெயிச்சாங்க. 2025-ல ஆசியக் கோப்பையில வெண்கலம். 2024 ஜனவரியில லே-யில ஒரு ஐஸ் ஹாக்கி லீக் தொடங்கினப்போ முதல் சீசன்லயே பெண்கள் டீமும் இருந்தது. பனி உருகறதுக்குள்ள அவங்களால ஒரு லீக் நடத்த முடியுது. நமக்கு கிரவுண்டு பன்னிரண்டு மாசமும் இருக்கு. அதுல பாதி நாள் ஆடு மேயுது.

காசு? பஸ்? ஓ.டி.? நியாயமான கேள்விங்கதான். இ.சி.ஏ.சி.யில இதுக்கு ஒரு அழகான வழி வெச்சிருக்காங்க. பக்கத்து பக்கத்து காலேஜ் ரெண்டை ஜோடி சேர்த்துடுவாங்க. கிளார்க்ஸனுக்கு ஜோடி செயின்ட் லாரன்ஸ், ரென்சிலேருக்கு ஜோடி யூனியன். வெளியூர் டீம் வெள்ளிக்கிழமை ஒரு காலேஜ்ல ஆடிட்டு, சனிக்கிழமை பக்கத்து காலேஜ்ல ஆடிட்டுத் திரும்பிடும். ஒரு பயணத்துல ரெண்டு மேட்ச். கிளார்க்ஸனுக்கும் செயின்ட் லாரன்ஸுக்கும் நடுவுல உள்ள தூரம் கிட்டத்தட்ட ஊட்டி குன்னூர் தூரம்தான். இதைப் படிச்ச அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கம் போச்சு.

ஆறு காலேஜ்னு வெச்சுக்கோங்க. மலை மேல ஊட்டி, குன்னூர் ஒரு ஜோடி. மேட்டுப்பாளையம் ரோட்டுல ஒரு ஜோடி. கோவை சிட்டிக்குள்ள ஒரு ஜோடி. மத்த அஞ்சு டீமோட ரெண்டு ரெண்டு தடவை ஆடினா ஒவ்வொரு டீமுக்கும் பத்து மேட்ச். அதுல நாலு வெளியூர், நாலு சொந்த ஊர், மீதி ரெண்டு ஜோடி காலேஜோட. வெளியூர்ப் பயணம் ரெண்டே ரெண்டு வீக்கெண்ட். சனி, ஞாயிறுல வெச்சா ஓ.டி. பிரச்சனையே பெருசா வராது. பசங்களும் பொண்ணுங்களும் ஒரே பஸ். சனிக்கிழமை பொண்ணுங்க குன்னூர்ல இறங்கிடுவாங்க, பசங்க ஊட்டி வரை வருவாங்க. ஞாயிற்றுக்கிழமை மாத்திக்கலாம். ஜூன், ஜூலை மழையில ஊட்டி கிரவுண்டு சேறாகிடும், அதனால ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும். தங்கறதுக்கு ஹோஸ்டல்லயே ஹால் இருக்கு. கம்பளி மட்டும் எடுத்துட்டு வாங்க, கீழேயிருந்து வர்றவங்க எப்பவும் அதை மறந்துடுறாங்க.

"பொண்ணுங்க பேர் குடுக்கிறதே இல்லை, இதுல லீக் வேறயா"ன்னு ஒருத்தர் என்னைக் கேட்டார். நான் திருப்பிக் கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு மேட்ச், அதுவும் அரை நாள்ல முடியற மேட்ச். அதுக்காக தினமும் காலைல எழுந்திருச்சு, ஹோஸ்டல் வார்டன்கிட்ட கையெழுத்து வாங்கி, வீட்டுல திட்டு வாங்கி யார் வருவா? நீங்க வருவீங்களா? பசங்களையும் இப்படி வெச்சிருந்தா அவங்க டீமும் ஒன்பது பேர்தான். அந்த ஒன்பது பேரும் கூட சும்மா இருக்கணும்னு அவசியம் இல்லை. ஃபைவ்ஸ்னு ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர் ஆடுற ஹாக்கி இருக்கு. 2024 ஜனவரியில மஸ்கட்ல நடந்த முதல் ஹாக்கி ஃபைவ்ஸ் உலகக் கோப்பையில நம்ம இந்திய பெண்கள் ஃபைனல் வரைக்கும் போனாங்க. முதல் சீசனை அதுலேயே ஆரம்பிக்கலாம். பாதி கிரவுண்டு போதும், ஆட்டுக்கும் மீதிப் பாதி கிடைக்கும்.

எனக்கு இதுல லாபம் இல்லை. ஏப்ரல்ல ப்ராஜெக்ட் வைவா, அதுக்கப்புறம் நான் இங்க இல்லை. போன மாசம் மேட்ச் தோத்துட்டு பஸ்ல வரும்போது ஃபர்ஸ்ட் இயர் கோல்கீப்பர் பக்கத்துல வந்து உட்கார்ந்தா. "அக்கா, அடுத்த மேட்ச் எப்போ?"ன்னு கேட்டா. "அடுத்த வருஷம்"னு சொன்னேன். அவ கிண்டல்னு நெனச்சு சிரிச்சா. அப்புறம் என் முகத்தைப் பார்த்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டா.

ஃபிக்ஸ்ச்சர் போட்டு வெச்சிருக்கேன், ஒரு ஏ4 ஷீட்ல. பொங்கல் முடிஞ்சு காலேஜ் திறந்ததும் பி.டி. மேம் டேபிள்ல வெக்கப் போறேன். வேற காலேஜ்ல படிக்கிற அஞ்சு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டேன், நாலு பேர் அவங்க பி.டி. சார்கிட்ட பேசறேன்னு சொல்லியிருக்காங்க. நம்மளோட சேர்த்து அஞ்சு டீம். ஆறாவது கட்டம் இன்னும் காலியா இருக்கு. மேட்டுப்பாளையம் பக்கம் உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது படிக்கிறாங்களா?