நாய்க்கு வயிற்றுப்போக்கு என்றால் சிரிப்பா?



இந்த மாதச் சுவர் இதழுக்கு என்ன எழுதப் போறேன்னு கேட்ட தோழிகளிடம், "நாய்க்கு வயித்தால போறதைப் பத்தி" என்றேன். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "மரம் வளர்ப்போம்னு எழுதுடி, ஓரத்துல நான் படம் வரைஞ்சு தர்றேன்" என்றாள் ஒருத்தி. மரத்தைப் பற்றி போன மாதமே மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அதனால் நான் நாயைப் பற்றியே எழுதுகிறேன். சாப்பிடும் முன் படிக்கிறவர்கள் மன்னிக்கவும்.

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று பெயர் சொல்லும் சாதி நாய் அல்ல. செம்மண் நிறத்தில் ஒரு காது மடங்கிய நாட்டு நாய். குலதெய்வம் கோயிலில் கெடா வெட்டி, தெருவே கறிச்சோறு சாப்பிட்ட மறுநாள் அதற்கு வயிறு கெட்டுவிட்டது. கொழுப்பு, மசாலா, எலும்பு என்று இலையில் மிச்சம் கிடந்த எல்லாமே அதன் வயிற்றுக்குள்தான் போயிருந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தது. ஐந்தாறு தடவை தண்ணியாகப் போனது.

அப்போதுதான் பார்த்தேன், எங்கள் தெருவில் எத்தனை டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று! ஒருத்தர் சாம்பலை மோரில் கலக்கிக் குடு என்றார். இன்னொரு அண்ணன் சட்டைப் பையிலிருந்தே காய்ச்சல் மாத்திரையை எடுத்து நீட்டினார். எதிர்வீட்டு அத்தை, "ரெண்டு நாளைக்கு சொட்டுத் தண்ணி காட்டாத, தானா நின்னுரும்" என்றார். கடைசியாக ஒருவர், "கட்டை அவுத்து கண்மாய்ப் பக்கம் விரட்டி விடுங்க, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

இந்த நான்கில் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது மாத்திரை மீதுதான். அந்த அண்ணன் நல்ல மனசோடுதான் கொடுத்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனிதருக்குக் கொடுக்கும் வலி மாத்திரையும் காய்ச்சல் மாத்திரையும் நாய்க்கு விஷமாகலாம். பாரசிட்டமால் அளவு மிஞ்சினால் நாயின் ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். பூனைக்கு ஒரே ஒரு மாத்திரைகூட உயிருக்கு ஆபத்து. ஐபுபுரூபன் என்ற வலி மாத்திரை நாயின் வயிற்றில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஒரு உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னொரு உயிருக்கு எமனாக இருக்கும் என்பதற்குக் கழுகே சாட்சி. மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்குளோபினாக் மருந்து, செத்த மாட்டின் உடம்பில் மிச்சமிருந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளை லட்சக்கணக்கில் கொன்றுவிட்டது. 2006-ல் அந்த மருந்தை மாடுகளுக்குப் போடக் கூடாது என்று நம் நாட்டில் தடை செய்தார்கள். அதற்குள் வானம் காலியாகிவிட்டது.

தண்ணி காட்டாதே என்று சொன்னதும் தப்புதான். வயிற்றுப்போக்கில் உயிரை எடுப்பது பெரும்பாலும் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியே போவதுதான். போகிற தண்ணியை ஈடு கட்டாமல் உள்ளே வருகிற தண்ணியையும் நிறுத்தினால் என்ன ஆகும்? ஓட்டைக் குடத்தில் தண்ணி ஊற்றுவதை நிறுத்தினால் ஓட்டை அடைந்துவிடுமா?

நானும் அப்பாவும் மணியை சைக்கிளில் சாக்கு விரித்து உட்கார வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால்நடை மருந்தகம் என்று போர்டு இருந்தாலும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மாட்டாஸ்பத்திரிதான். வழியில் சிரித்தவர்களை எண்ணவே முடியாது. "நாய்க்கெல்லாம் டாக்டரா? மனுசனுக்கே இங்க வழியைக் காணோம்" என்று ஒரு தாத்தா சொன்னார். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன், ஏன்னா அதில் நியாயமும் இருக்கிறது.

டாக்டர் மணியைத் தொடுவதற்கு முன்னால் நான்கு கேள்வி கேட்டார். எத்தனை தடவை போச்சு? என்ன நிறம், ரத்தம் இருக்கா? தண்ணி குடிக்குதா, குடிச்சது நிக்குதா? கடைசியா என்ன தின்னுச்சு? அவ்வளவுதான். பிறகு மேல் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தினார். வெள்ளையான இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பவும் சிவந்தது. தோள்பட்டைத் தோலைப் பிடித்து இழுத்து விட்டார். உடனே பழையபடி படிந்தது. தண்ணி குறைந்த நாய்க்குத் தோல் மெதுவாகத்தான் இறங்குமாம், ஈறும் காய்ந்து ஒட்டுமாம். இந்த இரண்டையும் நாம் வீட்டிலேயே பார்க்கலாம், காசு செலவில்லை.

வளர்ந்த நாய்தான், தடுப்பூசியும் போட்டிருக்கிறீர்கள், ரத்தமும் இல்லை, பயப்பட வேண்டாம் என்றார். தண்ணியைக் கிண்ணம் கிண்ணமாக வைக்காமல் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக வைக்கச் சொன்னார். வாந்தி நின்ற பிறகு உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல் குழைய வேகவைத்த சோறும், தோலும் எலும்பும் நீக்கி வேகவைத்த கோழிக்கறியும் நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பால் வேண்டாம், நிறைய நாய்களுக்குப் பால் செரிக்காது. இவ்வளவுதான் வைத்தியம். (மணிக்குக் கோழிக்கறி வாங்கினதில் என் தம்பிக்குப் பயங்கரப் பொறாமை.) மூன்றாம் நாள் அது பழையபடி கோழியைத் துரத்த ஆரம்பித்துவிட்டது.

ஆனால் எல்லா வயிற்றுப்போக்கும் இப்படி முடியாது. குட்டி நாய் வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும். தடுப்பூசி போடாத குட்டி திடீரென்று சோர்ந்து, வாந்தி எடுத்து, நாற்றத்தோடு ரத்தமாகப் போனால் அது பார்வோ என்ற வைரஸாக இருக்கலாம். அந்தக் குட்டிக்கு வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு ஒரு நாளைக் கடத்தினாலும் பிழைப்பது கஷ்டம். உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் குட்டி செத்த இடத்தில், தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து கட்டினால் அதுவும் போகும். நம் ஊரில் "இந்த வீட்டுக்கு நாய் ராசியில்ல" என்று சொல்கிறார்களே, அந்த ராசிக்குப் பெயர் பார்வோவாக இருக்கலாம் என்பது என் கருத்து. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து சில வார இடைவெளியில் போடும் தடுப்பூசிதான் அதற்குப் பரிகாரம். நாய்களின் இந்தப் பார்வோ மனிதருக்கு ஒட்டாது.

நமக்கு ஒட்டுவது வேறு. குட்டிகளின் வயிற்றில் உருண்டைப்புழு இருக்கும், தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதற்கு வந்துவிடும். அந்தப் புழுவின் முட்டை எச்சத்தோடு மண்ணில் விழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வருகிறது. மண்ணில் விளையாடி கை கழுவாமல் தின்னும் சின்னப் பிள்ளைகளுக்கு அது போகும். கொக்கிப்புழு இன்னும் கெட்டிக்காரன், வெறுங்காலில் தோலைத் துளைத்தே ஏறுவான். நாயின் கொக்கிப்புழு ஏறினால் காலில் கோடு கோடாக ஊர்ந்து அரிக்கும். மனிதருக்கென்றே உள்ள கொக்கிப்புழு குடலில் உட்கார்ந்து ரத்தம் குடிக்கும். அதனால்தான் "விரட்டி விடு" என்று சொன்னவரை நான் ஒத்துக்கொள்ளவில்லை. விரட்டிய நாய் கண்மாய்க் கரையிலும் நாம் நடக்கிற பாதையிலும்தான் போகும். கட்டி வைத்து, எச்சத்தை அன்றன்றே மண்வெட்டியால் அள்ளிப் புதைத்து, டாக்டரிடம் கேட்டு நாய்க்குப் புழு மருந்து கொடுத்தால் நாயும் தப்பும், நாமும் தப்புவோம்.

புழு மருந்து என்றதும் ஞாபகம் வருகிறது. 2015-லிருந்து பள்ளிகளில் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. நமக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை தருகிறார்கள். அதைக் கடவாய்ப்பல்லில் ஒதுக்கி வைத்திருந்து வேப்பமரத்துக்குப் பின்னால் துப்புகிற வீரர்கள் யார் யார் என்று எல்லாருக்கும் தெரியும், பெயர் எழுத மாட்டேன். மணிக்குக்கூட வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தால் விழுங்கிவிடுகிறது!

இனி அந்தத் தாத்தா கேட்ட கேள்வி. மனுசனுக்கே வழியில்லாதபோது நாய்க்கு எதற்கு? எங்கள் அப்பாவுக்கு அன்றைக்கு அரை நாள் கூலி போச்சு. அது எங்கள் வீட்டில் சின்னத் தொகை இல்லை. ஆனாலும் நான் சொல்வேன், நாய்க்குப் பார்த்ததால் மனிதருக்குக் குறைந்துவிடவில்லை. மனிதருக்கு எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையே நான் அங்கேதான் கற்றேன்.

எப்படியென்றால், அந்த நான்கு கேள்விகளை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. உங்களிடம் கேட்டிருக்கிறார்களா? நாய்க்கு என்ன ஆச்சு என்று தெருவே வெளிப்படையாகப் பேசியது. எத்தனை தடவை, என்ன நிறம் என்று ஆண்களும் பெண்களும் நின்று விவாதம் நடத்தினார்கள். நம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு வயிறு சரியில்லை என்றால் என்ன நடக்கிறது? மேசையில் தலை கவிழ்ந்து படுப்பாள். கேட்டால் "வயித்து வலி" என்பாள். சாப்பிடாத வலியும், பூச்சி வலியும், மாதாமாதம் வருகிற வலியும், பேதியும் எல்லாம் அந்த ஒரே வார்த்தைக்குள் மூடிக் கிடக்கிறது. டீச்சர் வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில், "தண்ணி குடிச்சா இன்னும் போகும், பேசாம படு" என்பார்கள். எங்கள் அப்பத்தாவும் அப்படித்தான் சொல்லும்.

இதற்கு மருந்து இருக்கிறது என்பது தெரிந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தில் பொங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகலனாபிஸ் என்பவர் குளுக்கோஸும் உப்பும் கலந்த தண்ணீரைப் பீப்பாயில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவித்தார்கள். நமக்கு நடிகர்களின் பிறந்த நாள் தெரியும், இவர் பெயர் தெரியாது!

அதுதான் இப்போது ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் நல்ல தண்ணியில் முழுசாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடக் கூடாது. கரைத்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணியில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அதனால் கை அளவில் அள்ளிப் போட வேண்டாம். ரத்தமாகப் போனாலோ, குடித்தது எல்லாம் வாந்தியாக வந்தாலோ, ஒண்ணுக்கு வராமல் கண் குழி விழுந்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். அவசரம் என்றால் 108.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். எங்கள் வகுப்புப் பெண்களில் பாதிப் பேர் காலையில் வீட்டில் குடித்ததோடு சரி, சாயங்காலம் வரை தண்ணி குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் ஒண்ணுக்குப் போக வேண்டும், பெண்கள் கழிப்பறையின் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மதியத்துக்கு மேல் தொட்டியில் தண்ணியும் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஆண் பிள்ளைகள் மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். தலைவலியும் நீர்க்கடுப்பும் எங்களுக்குத்தான். மணி தண்ணி குடிக்கிறதா என்று கவலைப்பட ஒரு டாக்டர் இருந்தார். நாங்கள் குடிக்கிறோமா என்று யார் பார்ப்பது?

தலைமை ஆசிரியர் அவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் மூன்று. அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். மதியச் சாப்பாட்டு மணிக்குப் பிறகு தொட்டியில் இன்னொரு தடவை தண்ணி. அலுவலக அறை முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் டிஞ்சரும் மட்டும் இருக்கிறது, அதில் பத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட். தாழ்ப்பாள் வாங்கித் தந்தால் மாட்டுவதற்கு எங்கள் சித்தப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார், தச்சு வேலை தெரிந்தவர், கூலி வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு வசதி.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி