வீட்டு வெப்பமும் நமது பொறுப்பும்

 

பங்குனி, சித்திரை மாதங்கள் நமது நாட்டில் வெப்பம் மிகுந்தவை. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் சூரியன் நமது தலைக்கு நேர் மேலாகக் கடந்து செல்கிறது. அது தணிந்து கிழக்கு மாகாணத்தார் சற்று மூச்சு விடுவதற்குள் கச்சான் காற்று தொடங்கிவிடுகிறது. எனவே இம்மாதம் தொழுகை, நோன்பு பற்றிய மஸ்அலாக்களை விட்டு, வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன். இது மார்க்கத்துக்கு அப்பாற்பட்ட விடயம் என்று எவரும் கருத வேண்டாம்.

ஸூரத்துந் நஹ்லில் (16:80-81) வல்ல அல்லாஹ் தனது அருட்கொடைகளை எடுத்துரைக்கிறான். வீடுகளை நாம் அமைதி பெறும் இடமாக ஆக்கியதையும், நிழலைத் தந்ததையும், வெப்பத்திலிருந்து காக்கும் ஆடைகளைத் தந்ததையும் அங்கே நினைவூட்டுகிறான். கடும் வெப்ப வேளையில் ளுஹர் தொழுகையைச் சற்றுத் தணிந்த நேரத்துக்குப் பிற்படுத்துமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியது புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. ஆகவே வெப்பத்தில் உடலை வருத்திக்கொள்வது இபாதத் அல்ல. அதிலிருந்து நம்மையும் நமது குடும்பத்தையும் காத்துக்கொள்வதே நமது கடமை.

முதலில் கூரையும் ஜன்னலும்

காசு கொடுத்து இயந்திரம் வாங்குமுன் வீட்டைப் பாருங்கள். நமது வீடுகளில் புகும் வெப்பத்தில் பெரும் பங்கு கூரை வழியாகவே வருகிறது. தகரக் கூரைக்கும் சீட் கூரைக்கும் கீழே ஒரு சீலிங் அடித்து, இரண்டுக்கும் இடையில் காற்றுப் போக வழி விட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். கூரையின் மேல் வெள்ளை நிறப் பூச்சு அடிப்பதும் பலன் தரும். ஆனால் கூரை அஸ்பெஸ்டஸ் சீட்டாக இருந்தால் அதைச் சுரண்டுவதோ, துளையிடுவதோ வேண்டாம். அதிலிருந்து எழும் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு.

மேற்குச் சுவர் பின்னேர வெயிலைக் குடித்துவிட்டு இரவு முழுவதும் அந்தச் சூட்டை உள்ளே விடும். அந்தப் பக்கத்தில் ஒரு கிடுகுத் தட்டியோ, கொடிப் பந்தலோ, முருங்கை மரமோ இருந்தால் சுவர் சூடேறாது. திரைச்சீலையை உள்ளே போடுவதைவிட ஜன்னலுக்கு வெளியே நிழல் அமைப்பதே சிறந்தது. வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்டால் பிறகு சூடு உள்ளேயே தங்கிவிடும்.

அடுத்து, நமது வீடுகளில் உள்ள ஒரு குறையைச் சொல்ல வேண்டும். பர்தாவைப் பேணுகிறோம் என்று ஜன்னல்களை நிரந்தரமாகவே மூடிவிடுகிறோம். காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் சுவரோடு சுவராக வீடுகள் இருப்பதால் இது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் மார்க்கம் பார்வையைத்தான் தடுக்கச் சொன்னது, காற்றைத் தடுக்கச் சொல்லவில்லை. சுவரின் மேற்பகுதியில் பூக்கல் வைத்துக் கட்டலாம். ஜன்னலின் கீழ்ப் பாதியை மட்டும் மறைக்கலாம். ஒரு பக்கத்தால் காற்று வந்து எதிர்ப் பக்கத்தால் வெளியேற வழி இருந்தால்தான் வீடு குளிரும். ஒரே பக்கம் மட்டும் திறந்திருந்தால் காற்றோட்டம் குறைவாகவே இருக்கும்.

பேன் எப்படிக் குளிர்விக்கிறது?

பேன் அறையின் காற்றைக் குளிர்விப்பதில்லை. நமது உடலின் வியர்வையை விரைவாக ஆவியாக்குவதால் நமக்குக் குளிர்ச்சி தெரிகிறது. ஆகவே ஆளில்லாத அறையில் ஓடும் பேனால் எந்தப் பலனும் இல்லை. அதன் மோட்டார் சிறிது சூட்டைத்தான் சேர்க்கும். "போகும்போது பேனை நிறுத்து" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கரண்ட் பில்லை மட்டும் காரணம் காட்டாதீர்கள். வீண்விரயம் செய்வோர் ஷைத்தான்களின் சகோதரர்கள் என்று திருமறை எச்சரிப்பதையும் (17:27) சொல்லிக்கொடுங்கள்.

சாதாரண சீலிங் பேன் ஒன்றுக்கு ஏறக்குறைய 70 வாட் மின்சாரம் தேவை. ஒரு நாளைக்கு 10 மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு 21 அலகு. புதிதாக வரும் பி.எல்.டி.சி. மோட்டார் பேன்கள் அதில் பாதியளவே எடுக்கின்றன. விலை கூடுதலாயினும் நாள் முழுவதும் ஓடும் அறைக்கு அதுவே லாபம்.

பேன் இலைகளை மாதம் ஒருமுறையாவது துடையுங்கள். பழைய தலையணை உறையை இலையில் மாட்டி இழுத்தால் தூசு கீழே விழாமல் உறைக்குள்ளேயே போய்விடும். பேன் மெதுவாகச் சுற்றினால் உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அதிலுள்ள கெப்பாசிட்டர் என்ற சிறு பொருளே பழுதாகியிருக்கும். அதைக் குறைந்த செலவில் மாற்றலாம், ஆனால் மின்வேலை தெரிந்தவரே மாற்ற வேண்டும். பேன் ஆடினால் ஆணிகளையும் மேலுள்ள கொளுக்கியையும் உடனே பார்க்கச் செய்யுங்கள். மேசைப் பேன் சுற்றாமல் முனகிக்கொண்டு நின்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அப்படியே விட்டால் மோட்டார் கொதித்துத் தீப்பற்றக் கூடும். உறங்கச் செல்லுமுன் விளக்கை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதன் நோக்கமும் வீட்டைத் தீயிலிருந்து காப்பதே.

ஏ.சி. வைத்திருப்போருக்கு

வெளிநாட்டில் உழைத்து வந்த பிள்ளைகளின் தயவால் இன்று பல வீடுகளில் ஏ.சி. உண்டு. வசதியுள்ளவர் அதை அனுபவிப்பது ஹலால்தான். ஆனால் அதன் இயல்பை அறிந்திருக்க வேண்டும். 9000 பி.ரி.யூ. அளவுள்ள ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 900 வாட் எடுக்கும். அதாவது பன்னிரண்டு, பதின்மூன்று பேன்களுக்குச் சமம். நமது நாட்டில் பாவிக்கும் அலகுகள் கூடக் கூட ஓர் அலகின் விலையும் கூடுவதை மறந்துவிட வேண்டாம்.

ரிமோட்டில் 16 என்று வைத்தால் அறை விரைவில் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண ஏ.சி. எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். 16 என்றால் நீண்ட நேரம் ஓடும், அவ்வளவுதான். 25, 26 பாகையில் வைத்து மெதுவாகப் பேனையும் போட்டால் போதுமான சுகம் கிடைக்கும்.

உள்ளே இருக்கும் இயந்திரத்தின் முன்மூடியைத் திறந்தால் வலைபோன்ற பில்டர் இருக்கும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிக் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். தூசு அடைத்தால் கரண்ட் கூடும், குளிர் குறையும், பிள்ளைகளுக்குத் தும்மல் வரும். உள்ளே நீர் சொட்டினால் பெரும்பாலும் வடிகுழாய் அடைத்திருக்கும்.

"கேஸ் முடிந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று வருடா வருடம் சொல்பவரிடம் ஏமாற வேண்டாம். அது அடுப்புக் கேஸ் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். அடைத்த அறைக்குள் நுளம்புச் சுருளோ சாம்பிராணியோ கொளுத்த வேண்டாம்.

ஏ.சி.யிலிருந்து வடியும் நீரில் வுழூச் செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து உண்டாகும் நீர். நஜீஸ் கலக்காமலும் நிறம், மணம், சுவை மாறாமலும் இருந்தால் அதில் வுழூச் செய்யலாம் என்பதே உலமாக்களின் கருத்து. ஆயினும் குடிப்பதற்கு அது உகந்ததல்ல. பூக்கன்றுகளுக்கு ஊற்றுங்கள்.

இன்னொன்று, வெளியே இருக்கும் இயந்திரம் நமது அறையின் சூட்டைத்தான் வெளியே கொட்டுகிறது. அது அயல்வீட்டு ஜன்னலைப் பார்த்து இருக்கலாமா? அதன் நீர் அவர்களின் சுவரில் வடியலாமா? அயலவருக்குத் தொல்லை தருபவரின் ஈமானைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பது நாம் அறிந்ததே. நாம் குளிர்ந்து உறங்க, அடுத்த வீட்டுக் கைக்குழந்தை சூட்டில் அழுவது நியாயமாகாது.

உயிர் காக்கும் சிறு பொத்தான்

மெயின் சுவிட்ச் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் இருக்கும். அதில் "டெஸ்ட்" என்று எழுதிய சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே கரண்ட் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றே மாற்றுங்கள். ஏ.சி.க்குப் பெட்டியிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். ப்ளக் சூடாவதும், கருகிய மணம் வருவதும் ஆபத்தின் அடையாளங்கள்.

குசினியில் நிற்பது யார்?

இதை உங்கள் கணவர்மாரும் வாசிக்கட்டும். விருந்தினர் அறையில் இரண்டு பேன், படுக்கை அறையில் ஏ.சி. நாளுக்கு ஐந்தாறு மணித்தியாலம் அடுப்படியில் நிற்பவருக்கு என்ன இருக்கிறது? பல வீடுகளில் குசினிக்கு ஒரு ஜன்னல்கூட ஒழுங்காக இல்லை. புகையை வெளியேற்றும் ஒரு சிறு பேன் பெரிய செலவல்ல. நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவியவர்கள். அந்த உம்மத்தினரான நாம் ஒரு பேன் மாட்டுவதற்கும் யோசிப்பதா?

வயதான உம்மா, வாப்பாவை எந்த அறையில் படுக்க வைத்திருக்கிறீர்கள்? வயது முதிர்ந்தால் தாகம் சரியாகத் தெரியாது, உடல் சூட்டைத் தாங்காது. "எனக்கு ஒன்றும் வேண்டாம் மகள்" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். நாமாகவே நீர் கொடுக்க வேண்டும், குளிர்ந்த அறையைக் கொடுக்க வேண்டும். உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறி, மயக்கம் வந்தால் தாமதிக்காதீர்கள். நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்து, விசிறியபடியே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். நினைவில்லாதவரின் வாயில் நீர் ஊற்ற வேண்டாம்.

2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் தவித்தோம். பனையோலை விசிறியின் அருமை அப்போது புரிந்தது. அந்த நாட்களை மறவாமல், கிடைத்த நிஃமத்தை நன்றியோடும் அளவோடும் பாவிப்போம்.

வல்ல அல்லாஹ் நமது இல்லங்களை இம்மையில் அமைதி தரும் இடங்களாக்கி, மறுமையின் வெப்பத்திலிருந்தும் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.