ரெஸ்பிரேட்டரி தெரபி படிப்பு: நாலு வருஷக் கணக்கு போடாதீங்க, ஏழு வருஷக் கணக்கு போடுங்க!



போன மாசம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தேன். சாயங்காலம் டீக்கடையில நின்னுட்டு இருந்தப்போ ஒரு தம்பி வந்து பேசினார். ராஜபாளையத்துல ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 24,000 ரூபாய். அப்பா இருபத்தஞ்சு வருஷம் பஞ்சுத் தூசியில வேலை பார்த்துட்டு, இப்போ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குதுன்னு வீட்டுல இருக்கார். தங்கச்சி பிளஸ் 2 பயாலஜி குரூப். பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குது.

"அண்ணே, மூணு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். நாலு வருஷம் லோனைப் போட்டு ஓட்டிட்டா, அப்புறம் அவளே பார்த்துக்குவா. சரிதானே?"

சரியில்லன்னுதான் சொன்னேன். படிப்பு தப்பில்ல. அந்த "அப்புறம் அவளே பார்த்துக்குவா" இருக்கு பாருங்க, அதுதான் தப்பு. ஏன்னு இந்தப் பதிவுல கணக்கோட சொல்றேன். உங்க வீட்டுல தம்பியோ தங்கச்சியோ மருத்துவம் சார்ந்த படிப்புல சேரப்போறாங்கன்னா, இல்ல நீங்களே இந்தத் துறையில முதல் வேலையில இருக்கீங்கன்னா, கடைசி வரைக்கும் படிங்க.

முதல்ல, இது என்ன வேலை?

நிறைய பேர் "ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டிவிடுற வேலை"ன்னு நினைக்கிறாங்க. அது இல்ல. ஐ.சி.யூ.-வுல வெண்டிலேட்டர்ல இருக்கிற நோயாளிக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தம், எத்தனை சதவீதம் ஆக்ஸிஜன்னு டாக்டரோட சேர்ந்து பார்த்துப் பார்த்து மாத்துறது, ரத்த வாயுப் பரிசோதனை முடிவைப் படிச்சுச் சொல்றது, நோயாளியைக் கொஞ்சம் கொஞ்சமா மெஷின்ல இருந்து விடுவிச்சுத் தானா மூச்சு விட வைக்கிறது, இதெல்லாம் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்டோட வேலை. குறைமாசக் குழந்தைகளுக்கான சிபேப், நுரையீரல் திறன் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி, தூக்கத்துல மூச்சு தடைபடுதான்னு பார்க்கிற ஸ்லீப் ஸ்டடி எல்லாமே இதுல வரும்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது தூரத்து விஷயமும் இல்ல. ராஜபாளையம் சுத்துவட்டாரம் முழுக்க நூற்பாலை. சத்திரப்பட்டியில தறி ஓடுறதே ஆஸ்பத்திரிக்கான பேண்டேஜ் துணிக்குத்தான். பருத்தித் தூசியை வருஷக்கணக்கா சுவாசிக்கிறவங்களுக்கு பைசினோசிஸ்னு ஒரு நுரையீரல் நோய் வரும். லீவு முடிஞ்சு வேலைக்குத் திரும்புற முதல் நாள் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது அதோட அடையாளம். "திங்கக்கிழமை வந்தா நெஞ்சு அடைக்குது"ன்னு உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது சொல்லியிருந்தா, அதைச் சாதாரணமா விட்டுடாதீங்க. அந்தத் தங்கச்சி ஏன் இந்தப் படிப்பைக் கேட்குதுன்னு எனக்கு அங்கேயே புரிஞ்சுபோச்சு.

தேவையும் இருக்கு. 2020 மே மாசம் பி.எம். கேர்ஸ் நிதியில 50,000 வெண்டிலேட்டர் வாங்கப்போறதா அறிவிச்சாங்க. மறு வருஷம் இரண்டாவது அலை வந்தப்போ, பல ஊர்கள்ல மெஷின் இருந்தும் இயக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம சும்மா கிடந்ததுன்னு செய்தி படிச்சோம். மெஷினைக் காசு கொடுத்தா வாங்கிடலாம். ஆளை உருவாக்கத்தான் வருஷக்கணக்குல ஆகும்.

சேர்றதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

தமிழ்நாட்டுல இந்தப் படிப்பு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கு. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு இதுவரை பிளஸ் 2 மதிப்பெண்ணை வைத்து மருத்துவக் கல்வி தேர்வுக்குழுதான் கலந்தாய்வு நடத்துது. மணிப்பால், கொச்சி அமிர்தா மாதிரி வெளிமாநில நிறுவனங்கள்லயும் இருக்கு.

2021-ல மத்திய அரசு துணை மருத்துவத் தொழில்களுக்குன்னே ஒரு தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. தொழில்முறைப் பதிவேடு, குறைந்தபட்சப் பயிற்சி நேரம் எல்லாம் சட்டத்துக்குள்ள வந்தாச்சு. அதனால பஸ் ஸ்டாண்டு மாடியில போர்டு மாட்டிக்கிட்டு "ஒரே வருஷத்துல வெண்டிலேட்டர் டெக்னீஷியன்"னு சொல்றவங்க பக்கமே போகாதீங்க. நாளைக்குப் பதிவு இல்லன்னா வேலையும் இல்ல.

கல்லூரியில மூணு கேள்வி மட்டும் கேளுங்க. சொந்த ஆஸ்பத்திரி இருக்கா, ஐ.சி.யூ.-வுல எத்தனை வெண்டிலேட்டர் நிஜமா ஓடுது? பாடம் எடுக்கிறவங்க இதே துறையில படிச்சவங்களா? இன்டர்ன்ஷிப் எங்கே, ஸ்டைபண்ட் உண்டா? கட்டடம், பஸ், ஏ.சி. வகுப்பறை எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணம்தான், உங்க எண்களைப் போட்டு மாத்திக்கோங்க. முதல் மூணு வருஷமும் வருஷ ஆரம்பத்துல 1.5 லட்சம் வீதம் மொத்தம் 4.5 லட்சம் கல்விக் கடன். வட்டி 10%. படிப்புக் காலம் நாலு வருஷம், அதுக்கு அப்புறம் ஒரு வருஷம், ஆக அஞ்சு வருஷத்துக்கு ஈ.எம்.ஐ. கிடையாது.

ஈ.எம்.ஐ.தான் கிடையாது. வட்டி உண்டு! அஞ்சு வருஷத்துல தனி வட்டியாவே 1,80,000 ரூபாய் சேர்ந்திருக்கும். வாங்கினது 4.5 லட்சம், கட்ட ஆரம்பிக்கும்போது நிலுவை 6.3 லட்சம். பத்து வருஷத்துக்குப் பிரிச்சா மாசம் சுமார் 8,325 ரூபாய்.

இதே கடனுக்கு அந்த வட்டியை மட்டும் மாசாமாசம் கட்டிட்டு வந்தா? முதல் வருஷம் மாசம் 1,250. இரண்டாவது வருஷம் 2,500. மூணாவது வருஷத்துல இருந்து 3,750. ஈ.எம்.ஐ. ஆரம்பிக்கும்போது நிலுவை அதே 4.5 லட்சம்தான். மாசத் தவணை சுமார் 5,950. மொத்தமா கையை விட்டுப் போற பணத்துல ஒரு லட்சத்துக்கும் மேல மிச்சம். படிக்கும்போதே வட்டி கட்டுறவங்களுக்கு 1% வட்டிச் சலுகை தர்ற வங்கிகளும் இருக்கு. கேட்டாத்தான் சொல்லுவாங்க.

இன்னொண்ணு. ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் 2 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணா இருந்தா, 2022-ல தொடங்கின புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024-ல தமிழ்ப் புதல்வன் வந்தது. முதல் வருஷ வட்டி 1,250-ல ஆயிரம் அங்கேயே வந்துடும். அண்ணன் போட வேண்டியது வெறும் 250!

சம்பளக்காரங்களான உங்களுக்கு இதுல மூணு விஷயம் முக்கியம்:

1. தங்கச்சி படிப்புக்கு உங்க பேர்ல பர்சனல் லோன் எடுக்காதீங்க. வட்டி அதிகம், அடுத்த மாசமே ஈ.எம்.ஐ. ஆரம்பிச்சுடும். கல்விக் கடன்ல 7.5 லட்சம் வரைக்கும் அரசு உத்தரவாத நிதி இருக்கு, சொத்து அடமானம் தேவையில்ல.

2. 80இ வரிச்சலுகை கிடைக்கும்னு நினைச்சுக் கடனை உங்க பேர்ல வாங்காதீங்க. அந்தப் பிரிவு உங்களுக்கு, உங்க கணவன் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கு மட்டும்தான். தம்பி தங்கச்சி அதுல வராது. அதுவும் பழைய வரி முறையில மட்டும்தான்.

3. இணைக் கடன்தாரரா கையெழுத்துப் போட்டா அந்தக் கடன் உங்க சிபில் அறிக்கையிலயும் வரும். நாலஞ்சு வருஷத்துல வீட்டுக் கடன் வாங்கப்போறீங்கன்னா அதை இப்பவே கணக்குல வைங்க.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா மத்திய அரசோட வட்டி மானியத் திட்டமும் இருக்கு. உங்க கல்லூரியும் படிப்பும் அதுக்குத் தகுதியான்னு கடன் வாங்குறதுக்கு முன்னாடியே வங்கியில கேட்டுடுங்க.

ஏன் ஏழு வருஷம்?

இந்தத் துறையில பட்டம்ங்கிறது டிக்கெட் மாதிரி. வண்டியில ஏறி உட்கார்றது வேலையோட முதல் மூணு வருஷம். அந்த மூணு வருஷம் நிறைய வெண்டிலேட்டர் ஓடுற, எல்லா வகை நோயாளியும் வர்ற பெரிய ஐ.சி.யூ.-வுல போச்சுன்னா, அதுக்கு அப்புறம் கதவு ஒவ்வொண்ணா திறக்கும். அதே மூணு வருஷம் வெண்டிலேட்டரே எப்பவாவது ஓடுற சின்ன இடத்துல, நெபுலைசர் வைக்கிறதும் ரிசப்ஷன்ல உட்கார்றதுமா போச்சுன்னா, கையில "மூணு வருஷ அனுபவம்"னு கடிதம் இருக்கும். இன்டர்வியூவுல ரெண்டாவது கேள்வியிலயே அது தெரிஞ்சுடும்.

சரி, எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகவேண்டியதுதானே? போக விடாதது திறமைக் குறைவு இல்ல, பணம்.

கணக்கைப் பாருங்க. சென்னையிலயோ கோவையிலயோ முதல் சம்பளம் 18,000-ன்னு வச்சுக்குவோம். ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், போன் எல்லாம் 12,000. மிச்சம் 6,000. முதல் வருஷம் ஈ.எம்.ஐ. இல்ல, அந்த 3,750 வட்டியை அவங்களே கட்டிடலாம். இரண்டாவது வருஷம் சம்பளம் 20,000 ஆகுது, மிச்சம் 8,000. தவணை 5,950-ன்னா ரெண்டாயிரம் கையில நிக்கும். தவணை 8,325-ன்னா? மாசாமாசம் துண்டு விழும். என்ன நடக்கும்? "ஊருக்கே வந்துடு, வாடகையாவது மிச்சம்"னு வீட்டுல கூப்பிடுவாங்க. வந்துடுவாங்க. ஒரு கேரியர் அங்கே நின்னுடும்.

மாசம் 2,400 ரூபாய் வித்தியாசத்துல!

எங்க சொந்தத்துலயே ஒரு பொண்ணுக்கு இதுதான் நடந்தது. நல்லா படிச்சா, பெரிய ஆஸ்பத்திரியில வேலையும் கிடைச்சது. பதினாலாவது மாசம் திரும்பி வந்துட்டா. இன்னிக்கு ஒரு மெடிக்கல் ஷாப்புல பில் போடுறா. அந்த வேலை கேவலம்னு சொல்லல. ஆனா அதுக்கு நாலு வருஷமும் இவ்வளவு கடனும் தேவையே இல்லையே. அன்னிக்கு நானும் சம்பளம் வாங்கிட்டுத்தான் இருந்தேன். "நல்லா பண்ணு"ன்னு சொன்னதைத் தவிர எதுவும் பண்ணல.

அதனாலதான் சொல்றேன், நாலு பிளஸ் மூணு, ஏழு வருஷம். படிப்பு ஆரம்பிக்கும்போதே மாசம் 1,000 ரூபாய் ஆர்.டி. போடுங்க. நாலு வருஷத்துல வட்டியோட ஐம்பதாயிரத்தைத் தாண்டிடும். ஹாஸ்டல் அட்வான்ஸ், முதல் சம்பளம் வர்ற வரைக்கும் செலவு, திடீர்னு உடம்பு சரியில்லாமப் போனா செலவு, எல்லாத்துக்கும் அது தாங்கும். வட்டியும் ஆர்.டி.யும் சேர்ந்து உங்களுக்கு முதல் வருஷம் 2,250, இரண்டாவது வருஷம் 3,500, மூணு நாலாவது வருஷம் 4,750. 24,000 சம்பளத்துல கஷ்டம்தான், முடியாதது இல்ல.

அந்த மூணு வருஷத்துல என்ன பண்ணணும்?

ஏற்கெனவே வேலையில இருக்கிற தெரபிஸ்ட் நண்பர்களுக்கு இது.

ஒரு நோட்டு போடுங்க. எந்த யூனிட், எந்த வெண்டிலேட்டர், என்ன மாதிரி கேஸ், எத்தனை நாள், எழுதி வைங்க (நோயாளி பேர் வேண்டாம்). அதுதான் உங்க உண்மையான பயோடேட்டா. பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். சான்றிதழ் ரெண்டு வருஷத்துல காலாவதி ஆகும், தேதியைப் போன்ல குறிச்சுக்கோங்க. ரெண்டாயிரம் அதிகம் தர்றாங்கன்னு வெண்டிலேட்டர் குறைவா ஓடுற இடத்துக்கு மாறாதீங்க. மூணாவது வருஷத்துல ஒரு பக்கம் முடிவு பண்ணுங்க: பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ., எக்மோ, ஸ்லீப் லேப், வெண்டிலேட்டர் கம்பெனியில பயிற்சி தர்ற வேலை, இல்ல எம்.எஸ்சி. முடிச்சு ஆசிரியர் வேலை. பி.எஸ்சி. முடிச்ச கையோட எம்.எஸ்சி.க்கு இரண்டாவது கடன் வாங்குறது என் பார்வையில அவசரம். எதுல ஆர்வம்னு ஐ.சி.யூ.-வுல நின்னு பார்த்த பிறகு படிங்க.

வெளிநாடு? வளைகுடா நாடுகளுக்கு டேட்டாஃப்ளோ சான்று சரிபார்ப்பு, புரோமெட்ரிக் தேர்வுன்னு வழி இருக்கு. பெரும்பாலும் ரெண்டு வருஷ அனுபவம் கேட்பாங்க. திரும்பவும் அதே மூணு வருஷம்தான் பாருங்க! அமெரிக்காவுல 2023 கணக்குப்படி இந்த வேலையோட இடைநிலை ஆண்டுச் சம்பளம் 77,960 டாலர். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அங்கே ஆர்.ஆர்.டி. ஆகணும்னா அவங்க அங்கீகரிச்ச கல்லூரியில படிச்சிருக்கணும், நம்ம பட்டத்தோட நேரா போய்த் தேர்வு எழுத முடியாது. "பி.எஸ்சி. முடி, அமெரிக்கா அனுப்புறேன்"னு ஏஜென்ட் சொன்னா, அட்வான்ஸ் கொடுக்காம எழுந்து வந்துடுங்க.

"ஊர்லயே இருந்தா என்னங்க?"

நியாயமான கேள்வி. நைட் ஷிஃப்ட், தொற்று பயம், வயசான அப்பா அம்மா, எல்லாம் உண்மை. 2022 ஜனவரியில விருதுநகர்ல அரசு மருத்துவக் கல்லூரி வந்தாச்சு, மதுரையும் பக்கம்தான். ஆனா அரசு வேலையை மட்டும் நம்பி இந்தப் படிப்புல சேராதீங்க. நர்ஸ், லேப் டெக்னீஷியன் மாதிரி வரிசையா அறிவிப்பு வரும்னு எதிர்பார்க்க வேண்டாம். ஊருக்குத் திரும்புங்க, தப்பே இல்ல. பணம் பத்தாம திரும்பாதீங்க, வேலையைக் கத்துக்கிட்டுத் திரும்புங்க. மில் தூசி இருக்கிற ஊருக்கு ஸ்பைரோமெட்ரி தெரிஞ்ச ஆள் வேணும்தானே?

அந்தத் தம்பிகிட்ட டீக்கடை பேப்பர் ஒண்ணுலயே இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "பைக் ஒண்ணு புக் பண்ணலாம்னு இருந்தேன்ணே, மாசம் நாலாயிரம் வரும்"னார். நான் எதுவும் சொல்லல. பேப்பரை மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு, பழைய வண்டியை உதைச்சு ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பினார்.

நீங்களும் ஒரு பேப்பர் எடுங்க. ஏழு கட்டம் போடுங்க. ஒவ்வொரு வருஷத்துக்கும் யார் எவ்வளவு கட்டுறீங்கன்னு இன்னிக்கே வீட்டுல உட்கார்ந்து எழுதுங்க. கல்லூரி விண்ணப்பம் அதுக்கு அப்புறம் போடலாம்.