சிப் போன சட்டைகளும் நாம் கைவிட்ட கைகளும்

யாழ்ப்பாணத் தீவகத்து வீடுகளில் அலுமாரியின் அடித்தட்டைக் கிளறினால் சிப் போன உடுப்பு ஒன்றாவது கையில் படும். துணி நல்லாயிருக்கும், நிறம் மங்கியிருக்காது, தையல் எங்கும் விட்டிருக்காது. சிப் மட்டும் ஓடாது. பிறகு பார்ப்போம் என்று வைத்தது அப்படியே கிடக்கும். அடுத்த தீபாவளிக்கோ நத்தாருக்கோ புதுச் சட்டை வந்ததும் பழையது நிலம் துடைக்கப் போகும், இல்லாவிட்டால் குப்பையோடு எரியும். அந்தச் சிப்பை மாற்றத் தெரிந்த பெண் ஒருவர் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருந்திருப்பார். அவரிடம் தையல் மெசினும் இருந்திருக்கும், வேலை இருந்திருக்காது. நம் அலுமாரியில் கிடந்த சட்டையையும் அவர் வீட்டில் சும்மா நின்ற மெசினையும் நாம் ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லை. தீவகத்து மக்களாகிய நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு இதுதான்.

எங்கள் மண்ணுக்குத் தையல் புதிதல்ல. 1824இல் உடுவிலில் ஹரியற் வின்ஸ்லோ தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் எழுத்தோடு ஊசி நூலும் பழக்கினார்கள். பின்னர் கத்தோலிக்கக் கன்னியர் மடங்களும் அதே வழியில் போயின. 1877இல் சிங்கர் நிறுவனம் இலங்கையில் கடை திறந்தபின், தவணைப் பணம் கட்டி வாங்கிய கறுப்பு மெசின்கள் ஊர் வீடுகளின் விறாந்தைக்கு வந்து சேர்ந்தன. அந்த மெசினைக் கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் எங்கள் ஊர்களில் நிறையப் பேர்.

1990களின் தொடக்கத்தில் போரால் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவுப் பகுதிகளில் இருந்த மக்களில் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடினார்கள். குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் இருந்த காலம் அது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம், சவர்க்காரம் கிடைக்காதபோது பனங்காய்க் களியில் உடுப்புத் தோய்த்தோம். அப்போது எந்த உடுப்பையும் எறிய யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு களுசானின் சிப் அதன் துணி கிழிந்த பிறகும் வாழ்ந்தது. அதைப் பிரித்தெடுத்து வேறொன்றில் வைத்தார்கள். பிழைக்க வேண்டும் என்ற நெருக்கடியில் எங்கள் பெண்கள் பெரிய திருத்தக்காரர்களாக இருந்தார்கள். அந்த அறிவு வறுமையின் அடையாளம் என்று நினைத்து, நிலைமை மாறியதும் அதைத்தான் நாம் முதலில் கைவிட்டோம்.

2009இல் போர் முடிந்தபின் ஏ9 வீதி மீண்டும் திறந்தது, மலிவு உடுப்பு மூட்டை மூட்டையாக வந்தது. கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று போன உறவுகள் பார்சல் பார்சலாக உடுப்பு அனுப்பினார்கள். வந்த சட்டைகள் பலவற்றுக்கு முதுகில் மறைவுச் சிப். அது போனால் மாற்றுவது சாதாரண சிப்பைவிடக் கடினம். ஆகவே ஒரு முறை போட்டு, ஒரு முறை தோய்த்து, சிப் நின்றதும் எறிந்தோம். அனுப்பியவரின் உழைப்பும் அதோடு போனது.

சிப் ஏன் எங்கள் தீவுகளில் இவ்வளவு விரைவாகப் போகிறது என்றுகூட நாம் யோசித்ததில்லை. கிணறுகளில் பாதிக்கு மேல் உவர்த் தண்ணீர் என்றுதான் நாமே சொல்லிக்கொள்கிறோம். அதில் தோய்த்துக் காயவிட்ட உடுப்பில் உப்பு சிப்பின் பற்களுக்கு இடையில் படிகிறது. கடற்காற்று மிச்ச வேலையைச் செய்கிறது. அலுமினியப் பல்லில் வெண்மையாகப் பூக்கும், பித்தளையில் பச்சை பிடிக்கும். நைலோன் சிப்புக்குப் பற்கள் துருப்பிடிக்காது, ஆனால் அதில் ஓடும் ரன்னர் உலோகம்தான். உப்புப் படிந்த சிப்பை நாம் பலவந்தமாக இழுக்க இழுக்க ரன்னரின் உள்வாய் அகன்றுவிடுகிறது. அகன்ற வாயால் பற்களை நெருக்கிக் கோக்க முடியாது. அதனால்தான் மேலே இழுத்த சிப் பின்னால் தானே திறந்துகொள்கிறது. எங்களில் பலர் முழுச் சிப்பும் போய்விட்டது என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் போனது ரன்னர் மட்டும்.

தெரிந்த கைக்கு இது சின்ன வேலை. குறட்டால் ரன்னரின் இரண்டு பக்கத்தையும் மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக நெரித்தால் சில மாதம் ஓடும். அவசரப்பட்டு நெரித்தால் அது உடைந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் ரன்னரை மாற்ற வேண்டும். பழையதன் பின்புறத்தில் 3 அல்லது 5 என்று எண் பொறித்திருப்பதைப் பலமுறை காணலாம். சட்டைக்கு வழக்கமாக 3, பாடசாலைப் பைக்கு 5. எண்ணும் பல்லின் வகையும் பொருந்தினால் போதும். அடியில் சில பல் போயிருந்தால், நல்ல பல் தொடங்கும் இடத்துக்கு மேலே நூலால் ஆறேழு சுற்றுக் குறுக்காகத் தைத்து அதையே தடுப்பாக்கலாம். இறுகி நிற்கும் சிப்பில் மெழுகுதிரியையோ காய்ந்த சவர்க்காரத்தையோ பென்சில் முனையையோ தேய்த்தால் வழுக்கி ஓடும். தோய்க்கும்போது சிப்பை மூடிவிட்டு, கடைசி அலசலை மழைத் தண்ணீரிலோ நல்ல தண்ணீரிலோ செய்தால் அதன் ஆயுள் கூடும். இவ்வளவும் ஒரு பின்னேரத்தில் பழகக்கூடியவை. சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த கிடியன் சண்ட்பேக் 1913 அளவில் உருவாக்கிய சிப்பின் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒருமுறை பழகினால் வாழ்நாளுக்கும் உதவும். இருந்தும் நாம் பழகவில்லை, பிள்ளைகளுக்கும் பழக்கவில்லை.

சிப்பை முழுதாக மாற்றுவது வேறு விடயம், அதற்குத் தேர்ந்த கை வேண்டும். உள் துணி வைத்த சட்டை என்றால் முதலில் உள் துணியைப் பிரிக்க வேண்டும், பிறகு பழைய சிப்பின் தையலை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டும். துணி கிழியக்கூடாது. புதுச் சிப்பைக் கையால் நூலோட்டிப் பிடித்து, சிப் தைப்பதற்கான ஒற்றைப் பாதத்தை மெசினில் மாட்டி, இரு பக்கத்தையும் அடியிலிருந்து மேலே தைக்க வேண்டும். இடுப்புத் தையல் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வராவிட்டால் மறுபடியும் பிரிக்க வேண்டும். தைக்கிற நேரத்தைவிடப் பிரிக்கிற நேரம்தான் கூட.

அந்த நேரத்துக்கு நாம் என்ன கொடுத்தோம்? "ஒரு சிப்தானே அக்கா, போட்டுத் தாங்கோவன்" என்று சொல்லி, சிப்பின் விலையோடு கொஞ்சம் சில்லறையை வைத்துவிட்டு வந்தோம். புதுச் சட்டை தைக்கக் கேட்ட கூலியைக் கொடுப்போம். பழையதைத் திருத்தக் கேட்டால் அநியாயம் என்போம். பஞ்சாபியைக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் எடுக்கப் போகாமல் விட்டவர்களும் நாம்தான். உறவுக்காரி என்றால் காசே கொடுப்பதில்லை. திருத்த வேலை வேண்டாம் என்று தைக்கிறவர்கள் சொல்லத் தொடங்கியதற்கு அவர்கள் சோம்பல் காரணமல்ல. நாம் அந்த உழைப்பை உழைப்பாகவே கணக்கெடுக்காததுதான் காரணம்.

இரண்டாவது தவறு எங்கள் சங்கங்களுடையது. போருக்குப் பின் கணவனை இழந்த பெண்களுக்கும் தனியே குடும்பத்தைச் சுமந்த பெண்களுக்கும் வாழ்வாதாரம் என்று தையல் மெசின்களைக் கொடுத்தோம். ஊர் ஒன்றியம், பழைய மாணவர் சங்கம், வெளிநாட்டுக் கிளை என்று எல்லோரும் கொடுத்தோம். மாலை போட்டோம், படம் எடுத்தோம். அதன் பிறகு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? மெசினோடு ஒற்றைப் பாதம் கொடுக்கவில்லை, ஊசிப் பெட்டி கொடுக்கவில்லை, சிப் ஒரு டசின் கொடுக்கவில்லை, வேலை கொடுக்கவில்லை. ஒரே ஊரில் பலருக்கு மெசினைக் கொடுத்து எல்லோரும் சட்டை தையுங்கள் என்றோம். கடையில் அதைவிட மலிவாகச் சட்டை தொங்குகிறது என்பதை மறந்தோம். கடைச் சட்டையோடு போட்டி போட வேண்டியில்லாத ஒரே வேலை திருத்தம். அதை நாம் ஒரு தொழிலாகச் சொல்லிக் கொடுக்கவேயில்லை.

மூன்றாவது, பாடசாலை. மனையியல் பாடம் இருக்கிறது, கீழ் வகுப்புகளில் செயன்முறைப் பாடமும் இருக்கிறது. ஆனால் கைத்தையல் மாதிரிகளைக் கொப்பியில் ஒட்டிப் புள்ளி வாங்குவதோடு பெற்றோராகிய நாம் திருப்திப்பட்டோம். இவ்வளவு நேரம் ஊசியோடு இருக்காதே, கணக்கைப் படி என்று சொன்னதும் நாம்தான். ஆண் பிள்ளைகளுக்கு அதுகூட இல்லை.

உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்பும் நாட்டில்தான் இதெல்லாம் நடக்கிறது. 1978இல் கட்டுநாயக்கவில் ஏற்றுமதி வலயம் தொடங்கியதிலிருந்து வளர்ந்த ஆடைத் தொழில், போருக்குப் பின் வன்னிக்கும் வந்தது. எங்கள் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போவதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தொழிற்சாலை வரிசையில் நாள் முழுக்க ஒரே ஒரு தையலைத்தான் தைப்பார்கள். போன உடுப்பைப் பார்த்து, எங்கே பிரித்து எப்படிக் கோப்பது என்று முடிவெடுக்கும் அறிவு ஊர்த் தையல்காரியிடம்தான் இருக்கிறது. அவர் மெசினை மூடிவிட்டால் அந்த அறிவுக்கு வாரிசில்லை.

2022இல் ரூபாய் சரிந்து விலைகள் ஏறியபோது ஓடிப்போய் அந்தத் தையல்காரிகளின் கதவுகளைத்தான் தட்டினோம். பைகளையும் களுசான்களையும் சட்டைகளையும் தூக்கிக்கொண்டு போனோம். பாடசாலைச் சீருடைத் துணிக்கே சீனாவின் நன்கொடையை நாடு எதிர்பார்த்திருந்த காலம் அது. நிலைமை கொஞ்சம் சீரானதும் மறுபடியும் மறந்தோம். தேவைக்கு மட்டும் தட்டிய கதவு எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பினோம்.

தீவில் இந்த மறதிக்கு விலை கூட. நெடுந்தீவில் அயலில் திருத்துகிறவர் இல்லாமல் போனால், ஒரு சிப்புக்காகக் குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் படகில் வந்து, புங்குடுதீவும் வேலணையும் பண்ணையும் தாண்டி யாழ்ப்பாண நகருக்குப் போக வேண்டும். ஒரு நாள் அதோடு முடியும். மாரியில் கடல் கொந்தளித்துப் படகு ஓடாவிட்டால் அதுவும் இல்லை. அதுவரை வெள்ளைச் சட்டையின் முதுகில் சேப்ரி பின்னைக் குத்திக்கொண்டு, பின்வாங்கில் இருந்து எழும்பக் கூச்சப்படும் பிள்ளை எங்கள் பிள்ளைதான்.

எங்கள் உறவுகள் நிறைய வாழும் பிரான்ஸில் 2023 நவம்பரில், உடுப்பைத் திருத்தக் கொடுப்பவருக்கு வேலையைப் பொறுத்து 6 யூரோ முதல் 25 யூரோ வரை கழித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். திருத்துகிறவரின் கைக்கு மதிப்பு வர வேண்டும், எறிகிற துணி குறைய வேண்டும் என்பதே நோக்கம். அங்கிருந்து பார்சல் அனுப்புகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அந்த எண்ணத்தையும் பார்சலோடு அனுப்பியிருக்கலாம்.

இனிச் செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. மீற்றர் கணக்கில் வாங்கும் 3ஆம், 5ஆம் எண் நைலோன் சிப் சுருள்களும், தனியாகக் கிடைக்கும் ரன்னர்களும், சில ஒற்றைப் பாதங்களும் இருந்தால் ஒரு தீவுக்கு நெடுநாளைக்குப் போதும். வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு ஆகிய மூன்று பிரதேச செயலகப் பிரிவுகளிலும் உள்ள மாதர் சங்கங்கள் அதைப் பொதுப் பெட்டியாக வைத்திருக்க முடியும். புலம்பெயர்ந்த சங்கங்கள் அடுத்த மெசினுக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கொடுக்கட்டும். திருத்தக் கூலியைத் தைக்கிறவர்கள் கூடி முடிவு செய்து கடை வாசலில் எழுதி வைக்கட்டும். அதில் பேரம் பேசுவதில்லை என்று நாம் முடிவெடுப்போம். நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு ஒரு மாதம் முந்தி புதுசு வாங்கப் புறப்படுகிற வீடுகள், முதலில் பழைய சட்டைகளைத் திருத்தக் கொடுக்கட்டும். பாடசாலைகளில் ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்றில்லாமல், ரன்னர் மாற்றவாவது ஒரு நாள் பழக்கட்டும்.

இந்தக் கிழமை அலுமாரியைத் திறவுங்கள். சிப் போனவற்றைத் தோய்த்து மடித்து, ஊரில் தைக்கிறவரின் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அவர் கேட்கிற கூலியை முழுதாகக் கொடுங்கள். சொன்ன நாளில் போய் எடுங்கள்.