அப்பம்மாவின்ர நிறத்தை ஆர் முடிவெடுக்கிறது?

இந்தக் கிழமை எபிசோடில் வீட்டுப் பிறின்டர்களைப் பற்றிக் கதைத்தோம். நேரமில்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கு. ஸ்கிறீனில் தெரியிற நிறம் ஏன் பேப்பரில் வாறேல்லை? அப்பிடிப் பிழைக்கேக்கை ஏன் எங்கட ஆக்களின்ர முகம்தான் முதலில் அடிபடுகிறது?

முதல் கேள்விக்கு விடை பௌதிகம். ஸ்கிறீன் தானே ஒளி விடுகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. பேப்பர் ஒளி விடாது. அறை வெளிச்சத்தில் ஒரு பங்கை மை விழுங்க, மிச்சம்தான் கண்ணுக்கு வருகிறது. அதனால் இரண்டும் அச்சொட்டாக ஒன்றாக வராது, கிட்டக் கொண்டுவரலாம். அதுக்குத்தான் 1993இல் அடோபி, அப்பிள், கொடாக் உட்பட எட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசியைத் தொடங்கின. கிரிக்கெட் ஐசிசி இல்லை, இன்டர்நெஷனல் கலர் கொன்சோர்டியம். ஒவ்வொரு ஸ்கிறீனும் பிறின்டரும் தன்ர நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லுகிற 'புரொஃபைல்' அவர்கள் வகுத்ததுதான். உங்கட ஐபோன் 2016இல் இருந்து டிஸ்பிளே பீ3 என்ற அகலமான நிறவெளியில் படம் எடுக்கிறது. பிறின்ட் பண்ணுற இடத்தில் அந்தப் புரொஃபைலைக் கவனிக்காமல் சாதாரண எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து அடித்தால், கூறைச்சேலையின்ர சிவப்பு வெளிறிப் போய் வரும்.

சேலை வெளிறினால் மனம் கொஞ்சம் நோகும், அவ்வளவுதான். முகம் அப்படியில்லை. எங்கட மண்ணிறம் என்பது உண்மையில் இருண்ட செம்மஞ்சள். அதில் நீலப்பச்சை மை துளி கூடினால் சாம்பல் பூசின மாதிரி, மஜென்டா துளி கூடினால் வெயிலில் வெந்த மாதிரி. சுவரின்ர நிறம் அதே அளவு பிழைத்தால் ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டினம்.

இதுக்கு ஒரு வரலாறும் இருக்கு. 1950களில் இருந்து கொடாக், ஃபோட்டோ லாப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மொடல் அங்கே வேலை செய்த ஷேர்லி பேஜ் என்பவர், அதனால் பெயர் 'ஷேர்லி கார்ட்'. அவவின்ர முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. மற்ற ஆக்கள் எப்படி வந்தாலும் அது படத்தில் இருக்கிற ஆளின்ர பிரச்சினை. இருண்ட மண்ணிறங்களைப் படம் சரியாகக் காட்டவில்லை என்ற முறைப்பாட்டைக் கொடாக் காதில் வாங்கியது, சொக்லேட் கொம்பனிகளும் மரத்தளபாடக் கொம்பனிகளும் கேட்ட பிறகுதான் என்று அங்கே வேலை செய்தவர்களே பிறகு சொன்னார்கள். சொக்லேட்டுக்குக் கிடைத்த மரியாதை! பல நிறத்துப் பெண்கள் சேர்ந்து இருக்கிற கார்ட் வர 1990கள் ஆனது. இது எங்கேயோ தூரத்துக் கதையும் இல்லை. மெல்பேர்னிலேயே, கோபேர்க்கில், 2004 வரை கொடாக் தொழிற்சாலை ஓடியது.

இப்ப ஷேர்லி கார்டின்ர இடத்தில் இருப்பது 'ஓட்டோ கரெக்‌ஷன்'. அப்பம்மா போன பிறகு கல்வெட்டுக்கும் சுவருக்கும் அவவின்ர படத்தைப் பிறின்ட் பண்ணக் கொடுத்தோம். அப்பம்மா நல்ல கறுப்பு, நெற்றியில் திருநீறு பளிச்செண்டு தெரியும். வந்த பிறின்டில் முகமும் திருநீறும் கிட்டத்தட்ட ஒரே நிறம். கேட்டால், "முகம் வடிவா வரட்டுமெண்டு வெளிச்சம் கூட்டினது" என்று பதில். அதைவிட எனக்கு உறைத்தது மாமி சொன்னது: "இது நல்லாத்தானே இருக்கு, வெள்ளையா."

ஆகவே மெஷினை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. சாமத்திய வீட்டு அல்பத்தில் பிள்ளையை ரெண்டு ஷேட் வெளுப்பாக்கிறதை நாங்களே காசு கொடுத்துச் செய்விக்கிறோம். கூகிள் 2021இல் பிக்சல் 6 உடன் 'ரியல் டோன்' கொண்டுவந்து கறுத்த முகங்களைச் சரியாக எடுக்கப் பழக்கினது. அதே படத்தை நாங்கள் ஃபில்டர் போட்டு வெளுக்கிறோம். என்ர மச்சாளின்ர மகனுக்கு நாலு வயது. அவனுக்கு அப்பம்மா என்றால் அந்தச் சுவர்ப் படம்தான். வேற நிறத்தை அவனுக்கு ஆர் சொல்லப்போகினம்?

செய்யக்கூடியது பெரிய வேலை இல்லை. எடிட் பண்ணும்போது நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் இரண்டையும் நிப்பாட்டுங்கோ. பிரைட்னஸை நல்லாக் குறையுங்கோ. 'பிறின்ட் இருட்டா வந்திட்டுது' என்கிற முறைப்பாட்டில் பாதி, ஸ்கிறீன் அளவுக்கு மிஞ்சி வெளிச்சமாக இருப்பதால் வருவது. 100, 120 கன்டெலா போதும். அதை அளக்க ஸ்பைடர், கலிபிறைட் மாதிரிக் கருவி இருக்கு. ஆளுக்கொன்று தேவையில்லை, நாலு சிநேகிதர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். பிறகு பேப்பரின்ர புரொஃபைலைப் போட்டு 'சொஃப்ட் புரூஃப்' பாருங்கோ.

பிறின்டை எந்த வெளிச்சத்தில் பாக்கிறது என்பதை உங்கட அம்மாவிடம் கேளுங்கோ. டண்டினொங் ஃபோஸ்டர் ஸ்ட்ரீட்டில் சேலை எடுக்கேக்கை, கடை லைட்டை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுவந்து பாக்கிறா இல்லையா? அச்சுத் தொழிலில் நிறம் பாக்கவும் பகல் வெளிச்சத்தை ஒத்த 5000 கெல்வின் ஒளியைத்தான் தரமாக வைத்திருக்கினம். வீட்டு மஞ்சள் பல்ப் 2700 அளவில்தான் இருக்கும்.

ஓடர் பண்ணும்போது 'நிறத்தில் கை வைக்க வேண்டாம்' என்று ஒரு வரி எழுதுங்கோ. முதலில் சின்ன சைஸில் ஒன்று எடுத்து, யன்னலடியில் வைத்து, அந்த ஆளோடு இருந்து வாழ்ந்த ஒருத்தரிடம் காட்டுங்கோ. நாங்கள் ரெண்டாம் தரம் அப்படித்தான் செய்தோம். பெரியப்பா கனநேரம் பாத்துப்போட்டு, "இன்னும் கொஞ்சம் கறுக்கோணும்" என்றார்.