மதிப்பெண்ணுக்குப் பாவசங்கீர்த்தனமா?

வகுப்பை நடத்தும் திறமை நாளடைவில் தானே வந்துவிடும், அதற்கெனத் தனிப் பயிற்சி எதற்கு என்று நம் பள்ளிகளின் மூத்தோர் பலர் கேட்கின்றனர். இவ்வாதத்தை ஏற்பதற்கில்லை. நாளடைவில் தானே வருவது பெரும்பாலும் பிரம்புதான்.

2014-ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிமுறைகள் பி.எட். படிப்பை ஓராண்டிலிருந்து ஈராண்டாக உயர்த்தின. அதில் 20 வாரங்களைப் பள்ளிப் பயிற்சிக்கு ஒதுக்கின. நன்று. ஆனால் அவ்வாரங்களில் நடப்பதென்ன? பாடக்குறிப்பேட்டை அழகுபடுத்துவதும், துணைக்கருவிகளுக்கு வண்ணம் தீட்டுவதும், மேற்பார்வையாளர் வரும் நாளில் கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துவதுமே! ஐம்பது பிள்ளைகள் ஒருசேரப் பேசும்போது எங்கே நிற்பது, நோட்டுகளைத் திறக்கச் சொல்லுமுன் என்ன சொல்வது, கடைசி வரிசைக்கு எப்போது நடந்துசெல்வது என்பதைப் பயிற்சிக்கு வந்த இளம்பெண்ணுக்கு எவரும் சொல்வதில்லை. அவள் குரலை உயர்த்துகிறாள். வகுப்பு அதைவிட உயர்த்துகிறது. பக்கத்து வகுப்பாசிரியர் கதவருகே வந்து ஓர் அதட்டல் போட்டு ‘உதவி’ செய்கிறார். அவர் போனபின் அவளுக்கு அங்கே என்ன மதிப்பு எஞ்சும்? 2003-இல் தமிழக அரசு கல்வி விதிகளைத் திருத்தி உடல்தண்டனையைத் தடைசெய்தது. பிரம்பை வாங்கிக்கொண்ட நாம் அதனிடத்தில் எதைக் கொடுத்தோம்?

திருச்சபைக்கு இது புதிதன்று. புனித தெ லா சால் 1685-இலேயே பிரான்சின் ரீம்ஸ் நகரில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். அவர்தம் சபையின் பள்ளிகளில் ஆசிரியர் கத்துவதற்குப் பதிலாகச் சிறு மரக்கருவி ஒன்றின் ஒலியாலேயே மாணவருக்குக் குறிப்புணர்த்துவார். (பிரம்பை அவரும் அறவே நீக்கிவிடவில்லை, காலம் அப்படி.) 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். நாம் அவர் படத்துக்கு மாலையிடுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆன்மசோதனையும் நம் சொத்துத்தான். இன்று எந்த நிமிடத்தில் வகுப்பு கைநழுவிற்று? அதற்குமுன் கரும்பலகையைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் முதுகுகாட்டி நின்றேன்? எந்தப் பிள்ளையின் பெயரை ஒருமுறையும் சொல்லவில்லை? மாலைதோறும் பத்து நிமிடம் இவ்வாறு தம்மைக் கேட்டுப் பார்ப்பவர், மறுநாள் எதை மாற்றுவது என்று தெரிந்தே வகுப்புக்குள் நுழைவார். தன்னம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. ஊக்கச் சொற்பொழிவுகளால் வருவது ஒரு வாரம்கூட நிற்பதில்லை.

“அதற்குத்தான் சிந்தனைக் குறிப்பேடு எழுதச் சொல்கிறோமே” என்பார்கள் பயிற்றுநர்கள். சொல்கிறீர்கள், எழுதியதற்கு மதிப்பெண்ணும் இடுகிறீர்கள். மதிப்பெண் இடுபவரிடம் எந்த மாணவி தன் தோல்வியை எழுதிக்கொடுப்பாள்? ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்றுதான் எழுதுவாள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமரும் குரு மதிப்பெண் போடத் தொடங்கினால் அங்கே யார் வருவார்?

ஆகவே அவ்வேட்டை மதிப்பீட்டிலிருந்து நீக்குங்கள். அதைப் பொறுமையோடு கேட்க ஒரு மூத்த ஆசிரியரை வையுங்கள். பயிற்சி வாரங்களில் நாளுக்கு ஒரு பாடவேளையை அவருக்கு ஒழித்துக்கொடுக்கத் தாளாளர்கள் மனம்வைக்கட்டும். அந்த ஒரு வேளையிலும் அவரை அலுவலகத்துக்கு அழைத்துப் பதிவேடு எழுதச் சொல்லாதிருக்கட்டும்.