வீங்கிய முழங்காலும் ஒரு துணுக்குச் சவ்வும்

2006ஆம் ஆண்டின் இறுதியில் சிக்குன்குனியா நமது கிழக்குக் கரையோரத்தைப் பீடித்து, காய்ச்சல் தணிந்து மாதங்கள் கழிந்த பின்னும் பலரை சுஜூதுக்குக் குனிய இயலாமல் பள்ளிவாசலில் கதிரையில் அமர்ந்து தொழவைத்த காலந்தொட்டு, எந்த மூட்டு எக்காரணத்தால் வீங்கினாலும் அந்தப் பழைய காய்ச்சலின் மீதே பழியைச் சுமத்துவது கல்முனைப் பகுதியில் ஒரு வழக்கமாகிவிட்டது. முற்றிலும் ஆதாரமற்ற வழக்கமென்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. ரீயூனியன் தீவில் ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில், காய்ச்சல் கண்டு 18 மாதங்களுக்குப் பின்னும் அக்கிருமியின் சுவடு இருந்ததை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். ஆயினும் சிக்குன்குனியா பெரும்பாலும் பல மூட்டுகளை ஒருசேர வருத்துவது. மருதமுனைத் தறிகாரர் ஒருவருக்கு ஒரே முழங்கால் மட்டும் மாதக்கணக்கில் வீங்கிக்கிடக்குமானால், சந்தேகம் மூட்டையும் பற்றக்கூடிய காசநோயின் பக்கமும் திரும்பவேண்டும். நெஞ்சுப் படம் சுத்தமாயிருப்பதாலோ, மூட்டிலிருந்து எடுத்த நீரில் கிருமி அகப்படாததாலோ அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடாது.

அதைத் தீர்க்கும் உபாயமே மூட்டுச் சவ்வின் பயொப்சி, அதாவது சவ்வில் துணுக்கெடுத்துச் சோதிப்பது. 1963இல் பார்க்கர், பியர்சன் என்னும் இருவர் இதற்கென ஓர் எளிய ஊசியை அமைத்தனர். இன்று ஸ்கேன் படத்தைப் பார்த்தவாறே, அவ்விடத்தை மட்டும் மரக்கச்செய்து, அரிசிமணியளவான சில துணுக்குகளை எடுத்துவிடுகின்றனர். இரத்தக்கசிவும் கிருமித்தொற்றும் அபூர்வம். இதிலே அற்பமாய்த் தோன்றும் ஒரு விஷயம்தான் அனைத்தையும் நிர்ணயிக்கிறது: எடுத்ததனைத்தையும் ஃபோர்மலினில் இட்டால் கிருமிகள் மடிந்துவிடும், பிறகு அவற்றை வளர்த்துப் பார்க்க வழியில்லை, ஆகையால் ஒரு பங்கை உப்புநீரில் தனியே வைத்தல் அவசியம்.

எல்லா மூட்டுவலிக்கும் இப்பரிசோதனை வேண்டுமென்பது என் அபிப்பிராயமன்று. முடக்குவாதத்தைப் பெரும்பாலும் நோயாளியின் நிலையும் இரத்தப் பரிசோதனையுமே காட்டிவிடும். கவுட் நோய்க்கு மூட்டுநீர் போதும். ஆனால் காரணம் விளங்காத ஒற்றை மூட்டிலே, நிச்சயம் ஏதுமின்றி ஸ்டீரொய்ட் ஊசியை ஏற்றுவது, நோவை அடக்கிவைத்துக் காசநோய்க்கு எலும்பைத் தின்ன அவகாசம் கொடுப்பதாக முடியக்கூடும். வேளையோடு கண்டறிந்தால் மாதக்கணக்கில் மாத்திரை உண்டு குணப்படுத்தக்கூடிய நோய் அது. அம்மாத்திரைகளை அரசாங்கம் இலவசமாகவே வழங்குகிறது.

அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் எடுக்கப்படும் இத்தகைய மாதிரிகள், நோயாளியின் உறவினரை அலையவிடாமல், உரிய ஆய்வுகூடத்தைத் தாமதமின்றிச் சேர்வதற்குச் சுகாதார அமைச்சு நிரந்தர ஒழுங்கொன்றைச் செய்தல் வேண்டும். வாசகர்களும், ஆறாத ஒற்றை மூட்டுக்கு ஊசி ஏற்றச் சம்மதிக்குமுன், காசநோய் இல்லையென்று எதைக்கொண்டு நிச்சயித்தீர்கள் என்று வைத்தியரிடம் தயங்காது கேட்பார்களாக.